வலக்கையைக் குடு, மாமா வாறார்

கொன்ரா டான்ஸுக்கு, அதுதான் வெள்ளையள் வரிசையா நிண்டு ஆடுற ஆட்டத்துக்கு, அடி சொல்லிக் கூப்பிடுறவனுக்கு ஆடவே தேவையில்லை, நடுங்கத் தெரிஞ்சாக் காணும். மைக் பிடிச்சுப் பாத்த ஆக்களுக்கு நான் சொல்லுறது விளங்கும். பேர்த்டே பாட்டியிலை "கேக் வெட்டப் போறம்" எண்டு சொல்லவே நீங்கள் நாலுதரம் இருமியிருப்பியள். எனக்கெண்டா ஒவ்வொரு சனியும் ஒரு ஹோல் நிறைஞ்ச வெள்ளையளை ஆட்டுவிக்கிற வேலை. ஆம்பிளையள் ஒரு வரிசை, பொம்பிளையள் எதிர் வரிசை. அடுத்து எந்தக் கையைப் பிடிக்கிறது, எந்தப் பக்கம் சுத்திறது எண்டு பாட்டுக்கு முந்தி நான் கத்தவேணும். ஒரு சுத்து முடிய எல்லாரும் ஒரு இடம் தள்ளி அடுத்த சோடியோடை ஆடுவினம். பாட்டு முடியிறதுக்கிடையிலை எல்லாற்றை மனுசியும் எல்லாற்றை கையையும் பிடிச்சிருப்பா.

அந்தக் கடைசி வசனந்தான் என்ரை கலியாணத்துக்குக் கண்டமா வந்தது. தொண்ணூறுகளிலை, ஸ்காபரோவிலை மோர்னிங்சைட் பக்கம் இருந்த வசந்திக்கும் எனக்கும் கலியாணம் பேசி, சாதகம் பொருந்தி, நாள் வைக்கிறது மட்டுந்தான் மிச்சம். வசந்திக்கு என்ரை வேலை தெரியும், கேட்டா சிரிப்பா. அவவின்ரை அப்பருக்கு, எனக்கு வரப்போற மாமாவுக்கு, தெரியாது. சனி பின்னேரத்திலை நான் பிறம்ரனிலை ஒரு வெயார்ஹவுஸிலை ஓவர்ரைம் செய்யிறன் எண்டு என்ரை அக்கா சொல்லிவைச்சிட்டா. மனுசன் பஸ்ஸிலை பொம்பிளையளுக்குப் பக்கத்துச் சீற் சும்மா கிடந்தாலும் நிண்டுகொண்டு வாற ஆள். அவருக்குத் தெரிஞ்சா வசந்தி எனக்கில்லை. இனி நான் நடுங்கின கதையளைக் கேளுங்கோ.

பின்னுக்குப் போ

நான் அந்த ஹோலைக் கூட்டித் துடைக்கப் போனவன். எட்டாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை விட்டிட்டு யாழ்ப்பாணத்திலை மினிபஸ் கண்டக்டரா நிண்டனான். தொண்டை மட்டுந்தான் என்ரை சேர்ட்டிபிக்கற். ஒரு சனி, அங்கை கூப்பிடுற ஜோர்ஜ் எண்ட வெள்ளைக்காரக் கிழவனுக்குத் தடிமன் பிடிச்சுக் குரல் அடைச்சுப்போச்சு. கதிரை அடுக்கிற ஆக்களை நான் வெருட்டிறதைக் கேட்டிருக்கிறார் போலை, மைக்கைக் கொண்டந்து என்ரை கையிலை வைச்சிட்டார். வேண்டாமெண்டு சொல்ல எனக்கு இங்கிலிஷ் வரமுன்னம் வயலின் துவங்கீற்றுது.

மைக் என்ரை பல்லிலை அடிக்குது. "நாலடி பின்னுக்கு" எண்டு ஜோர்ஜ் காதுக்குள்ளை சொன்னார். அது எனக்குத் தெரிஞ்ச வேலை. "பின்னுக்குப் போ, பின்னுக்குப் போ, இடம் கிடக்கு" எண்டு மினிபஸ்ஸிலை கத்தினமாதிரி இங்கிலிஷிலை கத்தினன். முன்னுக்கு வரச்சொல்ல மறந்துபோச்சு. பயத்திலை கண்ணையும் மூடியிருந்தனான். திறந்து பாத்தா, பொம்பிளையளின்ரை வரிசையை முழுசாக் காணேல்லை. கன்வாஸ் சப்பாத்துப் போட்ட மாக்ரெற் எண்ட கிழவி ஒரு கதவாலை தலையை நீட்டினா: "குமார், நாங்கள் கோட் கொழுவிற அறைக்குள்ளை நிக்கிறம். இனி அப்பிடியே வீட்டை போறதோ, திரும்பி வாறதோ?"

ஆட்டுக்கல்

அதுக்குப் பிறகும் ஜோர்ஜ் என்னை விடேல்லை. ஆட்டத்திலை ஒவ்வொண்டுக்கும் வைச்சிருக்கிற பேரெல்லாம் பிரெஞ்சோ என்னவோ, என்ரை வாய்க்குள்ளை நிக்காது. அதாலை மனசுக்குள்ளை நானா வேறை பேர் வைச்சன். நாலுபேர் ஒருத்தருக்குள்ளாலை ஒருத்தர் நெளிஞ்சு போறது பின்னல். பொம்பிளையள் நடுவாலை குறுக்கறுத்து எதிர்ப்பக்கம் போறது, ஊரிலை கோடு தாண்டி விளையாடுற கிளித்தட்டு. சோடியாப் பிடிச்சு நிண்ட இடத்திலை சுழலுறது ஆட்டுக்கல். மேடையிலை இங்கிலிஷ் பேர் மறந்தா என்ன செய்யிறதெண்டு வெள்ளிக்கிழமையே எனக்குச் சோறு இறங்காது.

ஒரு சனி பயந்ததுதான் நடந்தது. சுழலவேண்டிய இடம் வருகுது, பேர் வரேல்லை. "ஆட்டுக்கல்!" எண்டு கத்திப்போட்டன். சனம் நிண்ட நிலையிலை என்னைப் பாக்குது. வேறை வழியில்லாமல் மேடையிலை குந்தியிருந்து, உளுந்து அரைக்கிற மாதிரிக் கையைச் சுத்திக் காட்டினன். முழு ஹோலும் சுழண்டுது. கூப்பிடுற வேலை இண்டையோடை போச்சு எண்டு நான் நிலம் துடைக்கிற மொப்பைத் தேட, மாக்ரெற் மேடைக்குக் கிட்ட வந்தா: "அடுத்த பாட்டிலையும் நீ குந்தியிருந்து காட்டின அந்தச் சுத்தைப் போடு. கலியாணம் செய்த நாளிலையிருந்து இண்டைக்குத்தான் என்ரை மனுசன் என்னை விழுத்தாமல் சுத்தினவர்."

தடி

பிறகு ஜோர்ஜுக்கு ஒரு ஆசை வந்தது. ஸ்காபரோவிலை ஒரு ஹோல் எடுத்து, எங்கடை சனத்தையும் சேர்த்து ஆடவேணுமாம். நான் சாட்டுச் சொல்லிப் பாத்தன். அந்த ஹோலிலையிருந்து வசந்தி வீடு இருக்கிற மோர்னிங்சைட் எட்டிப் பிடிக்கிற தூரம். அதுக்கிடையிலை தமிழ்க் கடையளிலை நோட்டிஸ் ஒட்டியாச்சு. நல்லகாலம், என்ரை பேர் அதிலை இல்லை.

எங்கடை சனம் சேலையும் கோட்டுமா, தின்னுறதுக்கு ரோல்ஸும் செய்துகொண்டு வந்துது. வரிசையிலை நிண்டு கையைக் குடுங்கோ எண்டா, எல்லாரும் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நிக்கினம். அடுத்தவன்ரை மனுசியைத் தொட ஒருத்தருக்கும் துணிவில்லை. வெள்ளையள் பிடிச்சு இழுப்பினம், எங்கடையள் கோவிப்பினம், கதை ஸ்காபரோ முழுக்கப் போகும், மாமாவின்ரை காதிலையும் விழும். அந்த ஹோலிலை ஒரு டான்ஸ் ரீச்சர் பிள்ளையளுக்குக் கோலாட்டம் பழக்கிறவ, அலுமாரிக்குள்ளை தடியள் கிடந்துது. எடுத்துக் குடுத்தன். தடியின்ரை ஒரு நுனி இவருக்கு, மற்ற நுனி அவவுக்கு. கை படாமல் சுத்தலாம். இடைக்கிடை கோலாட்டத் தட்டும் தட்டலாம்.

கொன்ராவும் கோலாட்டமும் ஒண்டாப் போகுது, சனம் சிரிக்குது. நான் மட்டும் ஆற்றை கண் போகப்போகுதோ எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு நிக்கிறன். ஒரு தடி பறந்துபோய் ரோல்ஸ் தட்டத்துக்குள்ளை விழுந்துது. அதை எடுக்க வந்த அன்ரி மெல்லமாக் கேட்டா: "தம்பி, தடியைத்தானே பிடிச்சனாங்கள், அப்ப இது டான்ஸ் இல்லைத்தானே? நான் வீட்டை போய் இவரட்டைச் சொல்லத் தேவையில்லை."

மாமா

அடுத்த பாட்டு நடுவிலை கதவு திறந்துது. கோட்டுத் தோளிலை பனியோடை வசந்தியின்ரை அப்பர். எங்கடை கலியாணத்துக்கு ஹோல் தேடித் திரியிற மனுசன், இந்த ஹோலையும் பாப்பமெண்டு உள்ளிட்டிருக்கிறார். பிறம்ரனிலை பெட்டி தூக்கவேண்டிய மருமகன் மேடையிலை மைக்கோடை நிக்கிறான். ஓடுவமெண்டா வாசலிலை அவர்தான் நிக்கிறார். கூப்பிடுறதை நிப்பாட்டினா, தடியோடை வாற சனம் ஒண்டிலை ஒண்டு மோதி மண்டை உடையும்.

அதுக்குள்ளை மாக்ரெற்றின்ரை மனுசன் மூச்சு வாங்கிக் கதிரையிலை இருந்திட்டார். வரிசையிலை ஒரு ஓட்டை. மாக்ரெற் சுத்திவரப் பாத்தா, சும்மா நிண்ட மாமாவைக் கோட்டோடை இழுத்துக்கொண்டந்து அதிலை விட்டிட்டா. இப்ப நான் மாமாவை ஏவவேணும். பொம்பிளை தாற மனுசனைப் பாத்து "வலக்கை, சுத்து, ஓடு" எண்டு எந்த மாப்பிளை கத்துவான்? "மாமா, குறை நினைக்காதேங்கோ, உங்களுக்கு ஏலுமெண்டா அந்தத் தடியை ஒருக்கா வலக்கையாலை..." எண்டு மைக்கிலை குழையிறன். வயலின் எங்கையோ முன்னுக்குப் போயிற்றுது. பின்னாலை வந்த சோடி மாமாவிலை முட்ட, அதுக்குப் பின்னாலை வந்தது அவையிலை முட்ட, எல்லாத்துக்கும் நடுவிலை மாமா தடியைத் தூக்கிக்கொண்டு கத்தினார்: "தம்பி, மரியாதையெல்லாம் வீட்டை வந்து தாரும்! இப்ப எந்தக் கையெண்டு கெதியாச் சொல்லும்!"

கோட்டுத் தெறி

பாட்டு முடிஞ்சுது, மண்டை ஒண்டும் உடையேல்லை. மாமா கதவடியிலை நிண்டு கோட்டுக்குத் தெறி பூட்டுறார். பேசினாலும் பறவாயில்லை எண்டு நான் நிக்கிறன். அக்கா சொன்ன பொய்யைக் கேப்பார், பிறகு சாதகத்தைத் திருப்பித் தருவார், வசந்தியட்டை நான் என்னத்தைச் சொல்லுறது? மேல் தெறி வரைக்கும் ஆறுதலாப் பூட்டினார். முகட்டைப் பாத்தார், நிலத்தைச் சப்பாத்தாலை ஒருக்காத் தேய்ச்சுப் பாத்தார். கடைசியா என்னைப் பாத்தார்: "நிலம் வழுக்கேல்லை, இந்த ஹோலையே பிடிக்கிறன். ஆனா கலியாணத்தண்டு உம்மடை கையிலை மைக்கைக் கண்டனோ, பொம்பிளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போயிடுவன்."

அவ்வளவு சோடியளையும் பயந்து பயந்து சுத்தவிட்ட எனக்கு, மணவறையைச் சுத்தேக்கை வசந்தியின்ரை எந்தக் கையைப் பிடிக்கிறதெண்டு ஐயர் கத்திச் சொல்லவேண்டி வந்ததுதான் இந்தத் தொழிலிலை நான் கண்ட முன்னேற்றம்.