வாசலைத் தாண்டி நீண்ட வாள்மேசை

மரவேலை செய்யிற எங்களுக்கு ஒரு சாபம் இருக்கு: ஒரு மேசையைச் செய்து வைச்சா, வாங்கிறவர் வரமுதல் ஊர் அதில முழங்கையை ஊண்டிக்கொண்டு கதைக்கத் தொடங்கிடும். மரத்தூள் தின்னுற சகோதரங்களே, உங்களுக்கும் இது நடந்திருக்கும். எனக்கு நடந்தது விக்கிற மேசையிலகூட இல்லை, மெசினில.

எங்கட பட்டறை திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு ஒழுங்கையில இருக்கு. வட்டவாள் மெசினை உள்ளுக்கு வைச்சா, மிச்ச இடத்தில நானும் நேசனும் வயித்தை எக்கிக்கொண்டுதான் நிக்கலாம். நேசன் என்ர மனிசியின்ர தம்பி, தொழிலில என்ர பங்காளி. முக்காலியும் கோழிக்கூடும் செய்து அவனுக்கு அலுத்துப்போச்சு. கட்டாருக்குப் போக ஏஜென்சியில கதைச்சு வைச்சிட்டான். நல்ல வேலை ஒண்டு வந்தா நிப்பன், இல்லாட்டிப் போயிடுவன் எண்டு சொல்லியும் போட்டான். அவன் போனா எனக்குக் கை முறிஞ்ச மாதிரி. ஆனா அதை அவனுக்குச் சொல்ல வாய் வராது, பாருங்கோ.

ஓம் எண்ட வாய்

நிலாவெளியில ஒரு ஹோட்டலின்ர மனேஜர் வந்தார். றிஸ்வான் எண்டு பேர், கிண்ணியாப் பொடியன், நல்ல மரியாதை. சாப்பாட்டு மண்டபத்துக்குத் தேக்கு மேசைப் பலகைகள் வேணுமாம், ஒவ்வொண்டும் கதவளவு அகலம். நாலு மூலையும் துளியும் பிசகக் கூடாது, ஏலுமா அண்ணன் எண்டு கேட்டார். பின்னால நிண்ட நேசன் என்ர சேட்டுக் கையைப் பிடிச்சு இழுத்தான். நான் ஓம் எண்டிட்டன்.

அவன் இழுத்ததிலயும் நியாயம் இருந்தது. பலகையைக் குறுக்கால வெட்டேக்க, அதைத் தள்ளுகட்டையில அணைச்சு வாளுக்கு நேர தள்ளவேணும். அந்தக் கட்டை ஓடுறதுக்கு மெசின் மேசையில தவாளிப்பு எண்டு ஒரு நீளப் பள்ளம் இருக்கு. பலகை அகலமெண்டால் கட்டை மேசையைத் தாண்டி அந்தரத்தில நிண்டு ஆடும். ஒரு பழம் பலகையை வெட்டிப் பாத்தம், வெட்டு வளைஞ்சு போச்சு. நேசன் அதைத் தூக்கி ஒற்றைக் கண்ணால பாத்தான்.

"அத்தான், இது மேசைக்குச் சரிவராது. சல்லி ஊர் மீன்பிடிகாரருக்குக் கொண்டுபோய்க் குடுங்கோ, வள்ளத்தின்ர மூக்குக்கு அணியமா வைப்பினம்."

வடை இல்லாத கடை

மெசின் மேசை காணாட்டி அதை நீட்டுவம் எண்டு முடிவெடுத்தம். மெசினுக்கு முன்பக்கம் ரெண்டு எங்கிள் இரும்பைப் போல்ட் போட்டு இறுக்கி, அதுக்கு மேல தடிச்ச பிளைவூட். மெசினில இருக்கிற தவாளிப்பு பிளைவூட்டிலயும் அப்பிடியே நேரா ஓடவேணும், ரெண்டும் ஒரே மட்டத்தில நிக்கவேணும். அவ்வளவுதான் வித்தை. குனிஞ்சு குனிஞ்சு மட்டம் பாத்து ரெண்டு பேருக்கும் முதுகு நாரி விட்டுப்போச்சு. எல்லாம் சரி, பட்டறையின்ர நீளத்தை மட்டும் யோசிக்கேல்லை. நீட்டின மேசை வாசலைத் தாண்டி ஒழுங்கைக்குப் போயிட்டுது. பலகையைத் தள்ளுறதெண்டால் நான் ரோட்டிலதான் நிக்கவேணும்.

எங்கட ஊரில ரோட்டுக்கரையில ஒரு பலகை நீட்டிக்கொண்டு நிண்டா அதுக்கு ஒரே அர்த்தம்தான். பின்னேரம் ஒரு ஓட்டோக்காரர் நிப்பாட்டி, வடை இருக்கோ எண்டு கேட்டார். இல்லை, இது மரம் அரியிறதுக்கு எண்டன். அவர் மேசைக்குக் கீழ குனிஞ்சு பாத்திட்டு, அப்ப ரோல்ஸ் எண்டார். அதுவும் இல்லையெண்டன். மனிசனுக்கு உண்மையிலயே கோவம் வந்திட்டுது.

"ஒண்டுமில்லையெண்டால் ஏன் அண்ணை கடையைத் திறந்து வைச்சிருக்கிறியள்?"

தவாளிப்புக்குள்ள ஒரு ஆள்

மணியக்கா சல்லியில இருந்து கருவாடு கொண்டுவந்து வீடு வீடா விக்கிறவ. எங்கட மேசை அவவின்ர பனையோலைக் கடகத்தை இறக்கி வைக்க அளவான உயரம். நாங்கள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் அதில வைச்சு ரெண்டு வீட்டுக்கு நிறுத்துக் குடுத்திட்டுப் போயிட்டா. நாங்கள் வந்து முதல் தேக்குப் பலகையைத் தள்ளினம். பாதியில கட்டை இறுகிச்சுது, பிறகு ஒரு துள்ளுத் துள்ளிச்சுது. வெட்டு வளைஞ்சு போச்சு.

தவாளிப்பைக் கோணலாப் போட்டது நீங்கள் எண்டு அவன். தள்ளினது நீ எண்டு நான். நேசன் கையைக் கழுவிப்போட்டு, ஏஜென்சிக்கு நாளைக்கே சொல்லுறன் எண்டான். பிறகும் மனம் கேக்காமல் ஒரு கம்பியால தவாளிப்பைச் சுரண்டினான். நசுங்கின நெத்தலிக் கருவாடு ஒண்டு வெளியில வந்திச்சுது. நல்லகாலம், பலகையில ஒரு சாண் நீளம் கூட விட்டிருந்தம், திரும்ப வெட்ட முடிஞ்சுது. அடுத்த நாள் மணியக்காவைக் கூப்பிட்டு நெத்தலியைக் காட்டினன். அவ அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பாத்தா.

"தம்பி, இது என்ர இல்லை. என்ர நெத்தலி இதைவிடப் பெரிசு."

ஒரே தள்ளு

தவாளிப்பைத் துப்புரவாக்கி மெழுகு தேச்ச பிறகு கட்டை வெண்ணெயில ஓடுற மாதிரி ஓடிச்சுது. பலகையின்ர பாரத்தை நீட்டின மேசையே தாங்கும். பிடிக்க ஆள் தேவையில்லை. நான் தனிய நிண்டு ஒரே தள்ளில ஒரு பலகையை வெட்டி, மூலைமட்டத்தை வைச்சுக் காட்டினன். எனக்குச் சந்தோசம் தாங்கேல்லை. பார் நேசன், இனி எவ்வளவு அகல வேலையும் எடுக்கலாம் எண்டன்.

அவன் மூலைமட்டத்தைப் பாத்தான், பிறகு என்னைப் பாத்தான். முகத்தில சிரிப்பில்லை. அவனை மறிக்கத்தான் இவ்வளவு பாடும் பட்டனான். அவன் சொன்னதைக் கேட்டாப்பிறகுதான் நான் செய்து வைச்ச வேலை எனக்கே விளங்கிச்சுது.

"நல்லது அத்தான். இனி உங்களுக்கு ரெண்டாவது ஆள் தேவையில்லை, நான் நிம்மதியாப் போகலாம்."

கடைசிப் பலகை

கடைசிப் பலகை வெட்டுற அண்டைக்கு றிஸ்வான் லொறியோட வந்து நிண்டார். நேசன் கட்டார் விசயமா அடுத்த நாள் கொழும்புக்குப் போகப் பையும் அடுக்கியாச்சு. உள்ளுக்கு முக்காலியில இருந்தான். போகாத எண்டு சொல்லத்தான் விடியவே வந்தனான், சொல்லாமல் பலகையைத் தூக்கி மேசையில வைச்சன். மெசினைப் போட்டுட்டு ரோட்டில நிண்டு தள்ளத் தொடங்கினன். அந்தச் சத்தத்தில எனக்கு ஒண்டும் கேக்காது. எனக்குப் பின்னால மணியக்கா கடகத்தை இறக்க வாறா, வடை கேட்ட அதே ஓட்டோவும் திரும்ப வருகுது.

நேசன் பாஞ்சு வந்து ஒரு கையால கடகத்தைப் பிடிச்சான், மற்றக் கையால ஓட்டோவை மறிச்சான். பலகை முழுசா வெட்டுப்பட்டு முடியுமட்டும் அப்பிடியே நிண்டான். றிஸ்வான் மூலைமட்டத்தை வாங்கி வைச்சுப் பாத்திட்டு, கதவு வேலையும் உங்களுக்குத்தான் அண்ணன் எண்டார். நான் நேசனைப் பாத்தன். அவன் கடகத்தைத் தலையில வைச்சுக்கொண்டு என்னை முறைச்சான்.

"வெட்ட ஒரு ஆள் காணும் அத்தான். இந்த மேசைக்குக் காவல் நிக்க ஆர் இருக்கினம்? ஏஜென்சிக்கு நான் ஏலாதெண்டு சொல்லுறன்."

பலகை வெட்ட மேசையை நீட்டப்போய், அந்த மேசையைக் காக்கிறதுக்கெண்டு ஒரு மச்சான் மிஞ்சினான். வாசல் கதவு பூட்ட ஏலாட்டிலும் எனக்கு அது காணும்.