பூங்கொடி அக்காவின் கணக்கை மூடிய நாள்

ஆட்டையாம்பட்டியில் ஆபீஸுக்குப் பஸ் ஏறி உட்கார்ந்த சற்று நேரத்தில் அக்காவின் வீட்டுக்காரர் போன் செய்தார். "கண்ணு, பூங்கொடி விடியக்காலைல ஆஸ்பத்திரியிலயே போயிட்டாம்மா" என்றார். எந்த ஆஸ்பத்திரி, என்ன நோய், எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் வைத்ததும் முதலாளியின் மகன் அழைத்தார். அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். "அய்யோ" என்றவர், மறு மூச்சில், "பாஸ்வேர்டெல்லாம் யார்கிட்டங்க இருக்குது?" என்று கேட்டார். எங்கள் ஆபீஸின் கம்ப்யூட்டர் வேலை அந்த வாரம்தான் கிளவுடுக்கு, அதாவது இன்டர்நெட் வழியே ஓடும் வெளியார் கம்ப்யூட்டருக்கு, மாறவிருந்தது. இருந்தாலும் அந்தக் கேள்வியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நாமக்கல்லில் எங்கள் லாரி ஆபீஸோடு பழகியவர்களுக்கு அக்காவைத் தெரியாமல் இருக்காது. சேந்தமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அவரும் நானும்தான். சர்வர், பில், லாரிகளின் ஜிபிஎஸ் எல்லாம் அவர் தலையில். பதவிப் பெயர் மட்டும் கடைசிவரை 'ஆபரேட்டர்'. நான் பொருமினால், "பேர வெச்சு என்ன பண்றது கண்ணு, கம்ப்யூட்டர் நின்னா எல்லாரும் என்னையத்தான கூப்புடறாங்க" என்பார்.

எங்கள் ஆபீஸில் ஆயுத பூஜையன்று சர்வருக்கும் ஓய்வு உண்டு. லாரிகளுக்குப் போடுவதுபோல் அதற்கும் சந்தனம், குங்குமம், மாலை. மாடிப்படிக்குக் கீழே உள்ள அந்தச் சின்ன அறையில் அதை அணைத்து வைத்துச் சாம்பிராணி காட்டுவோம். போன ஆண்டு பூஜை முடிந்து போட்டால், அது எழுந்திருக்கவே இல்லை. முட்டை லோடு ஏற்றிய லாரிகள் பில் போட வழியில்லாமல் வெயிலில் நின்றன. முட்டை கெட்டால் யார் பொறுப்பு என்று டிரைவர்கள் அக்காவைத்தான் திட்டினார்கள். அவர் வேறொரு கம்ப்யூட்டரில் பில்களை ஒவ்வொன்றாக ஏற்றி லாரிகளைக் கிளப்பிவிட்டார்.

மறுநாளே முதலாளியிடம் போய் நின்றார். கிளவுடுக்கு மாறலாம் என்றதும் முதலாளிக்கு மனசே இல்லை. "நம்ம கணக்கு எவனூட்டுலயோ கெடக்கோணுமா?" என்றார். "உங்கூட்டு நகை பேங்க் லாக்கர்லதானுங்க கெடக்குது. சாவி உங்ககிட்ட இருந்தாப் போதாதுங்களா?" என்றார் அக்கா. முதலாளி சிரித்துவிட்டார்.

சாவி விஷயம்தான் எங்களிடம் சந்தி சிரித்தது. முதலாளியின் குலதெய்வத்தின் பெயர்தான் ஆபீஸ் முழுவதற்கும் பாஸ்வேர்டு. மாற்றினால் சாமி குற்றமாகிவிடும் என்று யாருமே தொடவில்லை. "சாமி பேரச் செவுத்துல மாட்டலாங்க, பூட்டுக்கு மாட்டக் கூடாதுங்க" என்று சொல்லி அக்காதான் மாற்றினார். ஒவ்வொரு மேசையாகப் போய் உட்கார்ந்து, "இது நின்னா உங்களுக்கு எது நிக்கும்?" என்று கேட்டார். கிளவுடுக்கு எது முதலில் போக வேண்டும், எது போகவே வேண்டாம் என்பதெல்லாம் அந்தப் பதில்களிலிருந்துதான் முடிவானது.

இறந்துபோன மேனேஜர் ஒருவரின் கம்ப்யூட்டர் கணக்கை மரியாதைக்காக அப்படியே விட்டு வைத்திருந்தோம். அதில் நுழைந்து ஏதோ ஒரு கிளையில் யாரோ பில் போட்டுக்கொண்டிருந்ததை அக்கா கண்டுபிடித்தார். "மரியாதைய போட்டோவுக்குப் பண்ணுங்க. போனவங்க கணக்க அன்னைக்கே மூடோணும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லி மூடினார். கல் மனசு என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள்.

அதன்பின் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். மாதம் ஒரு நாள் போனை அணைத்துவிட்டுக் கேன்டீனில் உட்கார்ந்துகொள்வார். அன்று என்ன ஆனாலும் நாங்களே பார்க்க வேண்டும். முதல் தடவை பில் ஓடாமல் போய், நான் பதறியடித்து அவரிடம் ஓடினேன். டீயிலிருந்து தலையைத் தூக்காமல், "நான் இல்லீன்னு நெனச்சுக்க கண்ணு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. திரும்பி வந்து முட்டி மோதி நானே சரிசெய்தேன்.

சாவு வீட்டில்தான் எனக்கு விளங்கியது. "அவ ஆபீஸ்ல லீவு சொன்ன நாளெல்லாம் சேலத்துல வைத்தியத்துக்குப் போன நாளும்மா. நோய வெளிய சொன்னா எல்லாரும் எம்மூஞ்சியவே பாத்துட்டு நிப்பாங்க, வேல நின்னு போயிரும்னு சொல்லுவா" என்றார் அவர் வீட்டுக்காரர். கேன்டீனில் உட்கார்ந்து அவர் எங்களைப் பழக்கியது, தான் இல்லாத நாளுக்காகத்தான். பாஸ்வேர்டுகளா? முதலாளியின் மகனுடைய போனிலேயே அக்கா முன்பே ஏற்றிக் கொடுத்திருந்தார். அவருக்கு அது நினைவில்லை.

குறித்த நாளில் கிளவுடுக்கு மாறினோம். ஒரு லாரிகூட நிற்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே சர்வர் ஓய்ந்ததை யாரும் கவனிக்கவும் இல்லை. இப்போது மாதம் ஒரு நாள் நானும் போனை அணைத்துவிட்டுக் கேன்டீனில் போய் உட்காருகிறேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு நாளைத்தான்.

அவருடைய கணக்கை மட்டும் யாரும் தொடவில்லை. அன்றைக்கே மூட வேண்டும் என்று சொன்னவரின் கணக்கு, காரியம் முடிந்தும் திறந்தே கிடந்தது. கடைசியில் நான்தான் உட்கார்ந்தேன். மூடு என்று அழுத்தியதும் ஓடிபி கேட்டது. அக்காவின் போனுக்குப் போயிருக்கும், அவர் வீட்டுக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று கலங்கி உட்கார்ந்திருந்தேன். என் கையிலிருந்த போனில்தான் ஓடிபி வந்து விழுந்தது. தன் கணக்கின் ஓடிபியை எப்போதோ என் நம்பருக்கு மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் அக்கா.