வேட்டி மடிப்பில் ஆறாவது ட்யூப்

என் தங்கை கணவர் அருண்பாண்டியன், கடலூர் துறைமுகத்தில் ஃபைபர் படகுகளின் மேல்தளத்தில் கயிறு கட்டும் கொக்கிகளைப் பொருத்துபவர். கொக்கிக்கு அடியில் தண்ணீர் இறங்காமலிருக்கப் பசை வைப்பார். சிலிகானைத் தொடமாட்டார், நாளடைவில் உரிந்துவிடுமாம். பாலியூரித்தேன்தான். வெக்கையில் அது ட்யூபுக்குள்ளேயே இறுகிவிடும் என்று வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருப்பார்.

அப்பா இறந்த அன்று, துக்கத்துக்கு வந்தவர்களுக்கான பால் பாக்கெட்டுகள் ஃபிரிட்ஜை அடைத்துக்கொண்டன. மீன்பிடித் தடை முடிய இரண்டே நாள். ஒரு படகு வேலை பாக்கி. மச்சான் ஆறு ட்யூபையும் அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

"மாப்ள, அண்ணன் கால்கிட்ட இன்னா அது?" என்றார் சித்தப்பா.

"பசை மாமா. வெளிய வெச்சா கல்லாப் பூடும்."

"செத்தவருக்கு இன்னாத்துக்குய்யா பசை? எழுந்து ஓடிடப் போறாரா?"

"படகுக்கு மாமா."

மாலையில் குளிப்பாட்ட அப்பாவைத் தூக்கினார்கள். பெட்டிக்குள் ஐந்து ட்யூப்தான் இருந்தது. "நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே மச்சான் ஓடிவந்து, அப்பாவின் வேட்டி மடிப்புக்குள் கைவிட்டுத் துழாவினார். மருமகன் காலைப் பிடித்துக் கதறுகிறார் என்று பந்தலே அழுதது.

நிமிர்ந்தவர், கிடைத்த ட்யூபை அமுக்கிப் பார்த்தார்.

"கெட்டியாவல," என்றார் என் காதோரம்.

அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.