காலை ஏழு மணி வகுப்பு

எழுபதுகளின் கடைசியில் புனேயில் நான் பி.எஸ்ஸி. சேர்ந்தேன். அங்கே குடியேறிய எங்கள் தமிழ்க் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, வீடு ஊரின் ஓரத்தில், கோர்படியில். பள்ளிக்கூடம் முழுக்க மராத்தியில் படித்த எனக்கு, ஆங்கிலத்தில் நடந்த இயற்பியல் பாடம் ஒன்றுமே புரியவில்லை.

என்னைப் போன்றவர்களுக்காகவே கல்லூரியில் ஒரு தனி வகுப்பு இருந்தது, மாலை ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் பையன்கள் பலர் கடைகளிலும் அச்சகங்களிலும் வேலைக்குப் போய்விடுவார்கள். வகுப்பு முடியும்போது எங்கள் பக்கம் போகும் கடைசி பஸ்ஸும் போயிருக்கும், இருட்டில் நடந்து வர அப்பா விடமாட்டார். காலி பெஞ்சுகளைப் பார்த்துச் சலித்துப்போன கல்லூரி ஒருநாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியது: மாணவர்களுக்கு ஆர்வம் இல்லாததால் வகுப்பு நிறுத்தப்படுகிறது.

ஆர்வம் இல்லையாமே! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாதாராப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து அத்தை வீட்டில் தங்கிப் படித்த மராத்தித் தோழி என் கையைப் பிடித்து இழுத்தாள். நேராக முதல்வர் அறைக்குப் போனோம்.

வழியில் மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியம் பாதியிலேயே கவிழ்ந்தது. முதல்வர் பொறுமையாகக் காத்திருந்தார். வருவது வரட்டும் என்று இந்திக்குத் தாவினேன்.

"சர், மன் ஹை. பஸ் நஹீ ஹை."

படிக்க மனசு இருக்கிறது, பஸ்தான் இல்லை. அவர் சிரிக்கவில்லை. "எப்ப வர முடியும்?" என்று இந்தியிலேயே கேட்டார்.

"காலையில ஏழு மணிக்கு, சார்."

"அவ்வளவு சீக்கிரம் யார் வருவாங்க?"

"நீங்க வாத்தியாரை வரச் சொல்லுங்க சார், பசங்களை நாங்க கூட்டிட்டு வர்றோம்" என்றாள் தோழி. முதல்வர் சரியென்று தலையாட்டினார்.

வீட்டில் அம்மா கேட்டாள்: "ஏழு மணிக்கா? அப்ப கொழாயில தண்ணி யாருடி புடிக்கிறது?"

"நான் புடிக்கிறேன். புள்ள போவட்டும்" என்றார் அப்பா.

நானும் தோழியும் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னோம். டிசம்பர்க் குளிரில் முதல் நாள் காலை, மப்ளரும் ஸ்வெட்டருமாக அறை நிரம்பிவிட்டது. பக்கத்து அறையிலிருந்து பெஞ்சுகளைத் தூக்கி வந்தோம். வாசலில் வந்து நின்ற ஆசிரியர், தப்பான அறைக்கு வந்துவிட்டோமோ என்று கதவிலிருந்த அறை எண்ணைத் திரும்பிப் பார்த்தார். பரீட்சை நெருங்கியபோது கான்வென்ட்டில் படித்தவர்கள்கூட, "நாங்களும் வரலாமா?" என்று கேட்டு வந்தார்கள். நகர்ந்து இடம் கொடுத்தோம்.

எங்கள் வகுப்பில் அநேகமாக எல்லோரும் தேறினோம். எனக்கு முதல் வகுப்பு. முடிவு வந்த அன்று மாலை அப்பா என்னை சைக்கிளில் ஏற்றித் தொழிற்சாலை வாசலுக்கே கூட்டிப்போனார். ஷிப்ட் முடிந்து வந்தவர்களை எல்லாம் நிறுத்தி, மகள் முதல் வகுப்பில் தேறியதை இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். யாரோ ஓடிப்போய்ப் பேடா வாங்கி வந்தார். கிரீஸ் கறை படிந்த கைகள் ஒவ்வொன்றாக நீண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கின.