ராசாத்தி வீட்டு வலுசர்ப்பம்

பிளாஸ்டிக் கருகுற நாத்தம் எனக்குப் புதுசு இல்ல. ஓசூர்ல பொம்மை வார்க்கிற கம்பெனியில பல வருஷமா வேலை. மெஷின் சூடு ஏறிப்போச்சுன்னா மூக்கைப் பொத்திக்கினு நிப்போம், அவ்வளவுதான். ஆனா அன்னிக்கு ஜெபவீட்டு வாசல்ல, தகர டின்னுல ஒரு சின்னப் பிள்ளையோட பொம்மையைப் போட்டு, சுத்தி நின்னு கை தட்டி, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்"னு கொளுத்துனாங்களே, அந்த நாத்தம் இன்னும் என் தொண்டையிலயே நிக்குது. த்தூ! நினைச்சாலே சோறு இறங்க மாட்டேங்குது.

நான் மரியபுஷ்பம். எலத்தகிரிக்காரி. எங்க தாத்தா காலத்துலருந்து மாதா கோயில்தான். அதனால ஏசு சாமியைப் பத்தி உனக்கென்னா தெரியும்னு யாரும் என்கிட்ட வந்துராதீங்க.

அந்தப் பிள்ளை ராசாத்தியோட மக, ஹரிணி. ராசாத்தி லைன் வீட்ல எனக்கு அடுத்த கதவு, கம்பெனியில பக்கத்து ஸ்டூல். கோவில்பட்டிப் பக்கத்துலருந்து புருஷன் நல்லுசாமியோட பொழைக்க வந்தவ. பாவாடை கட்டுன வயசுலயே தீப்பெட்டி ஒட்ட உக்காந்தவளாம். கை அப்படி ஓடும். மெஷின்லருந்து வர்ற பொம்மையில ஓரமாத் துருத்திக்கினு இருக்கிற பிசிறை பிளேடால சீவுறதுதான் எங்க வேலை. நான் பத்து வார்த்தை பேசி ஒரு பொம்மை சீவுறதுக்குள்ள அவ கம்முனு தட்டையே காலி பண்ணிருவா.

நாங்க சீவுற பொம்மையெல்லாம் வெளிநாட்டுக்குப் போறது. றெக்கை வெச்ச தீ கக்குற பாம்பு, மந்திரவாதி, கோடாலி வெச்ச குள்ளன். அதை மேஜை மேல நிறுத்தி, சுத்தி உக்காந்து, நான்தான் மந்திரவாதி, நீதான் குள்ளன்னு ஆளுக்கொரு வேஷத்துல பேசி விளையாடுவாங்களாம். பெரியவங்களே! சூப்பர்வைசர் வெங்கட் இதைச் சொன்னப்ப நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். ராசாத்தி மட்டும் சிரிக்கல. "எனக்கு விளாடவே தெரியாதுக்கா"ன்னா.

ஹரிணி ஊர்ல இருந்தவரைக்கும் வாயாடியாம். இங்க பள்ளிக்கூடத்துல பசங்க தெலுங்குல ஒண்ணு, கன்னடத்துல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணுன்னு கலந்துகட்டிப் பேசுறதுங்க. இவ "ஏல, வால"ன்னு வாயைத் திறந்ததும் வகுப்பே கெக்கெக்கேன்னு சிரிச்சிருக்குது. பிள்ளை வாயை மூடிட்டா. முதல்ல பள்ளிக்கூடத்துல, அப்புறம் வீட்லயும். பசிச்சாக்கூட தட்டைக் காட்டுவா. "எக்கா, எம்பிள்ளை ஊமையாயிருமோ?"ன்னு ராசாத்தி பிளேடை வெச்சிட்டு அழுவா. பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா நல்லாப் பார்த்து, குறை ஒண்ணும் இல்ல, அதட்டாதீங்க, பொம்மை வெச்சு அவகூட விளையாடுங்கன்னு சொல்லி அனுப்புனாங்க.

வெங்கட்தான் ஒரு பொம்மை குடுத்தான். றெக்கைப் பாம்பு. அச்சுல ஒரு றெக்கை பாதிதான் விழுந்திருந்துச்சு. அரைக்கப் போட வேண்டியது, பிள்ளைக்குக் குடுன்னுட்டான். ஹரிணி அதுக்குக் குண்டன்னு பேரு வெச்சா. எப்படித் தெரியும்னு கேளுங்க. நான் கிண்ணம் திருப்பிக் குடுக்கப் போறேன், உள்ள கட்டைக் குரல்ல யாரோ பேசுறாங்க: "எம்பேரு குண்டன். எனக்குப் பசிக்கி. ஒரு ராசாவைச் சுட்டுக் கொண்டாங்கல!" எட்டிப் பார்த்தா ஹரிணி! பொம்மை கையில இருந்தா அதோட குரல்ல பேசுறா, கீழ வெச்சா கம்முனு ஆயிடுறா. ஆத்தாடி, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பேச்சு உள்ள பத்திரமா இருக்குது, வெளிய வர ஒரு வழி கண்டுபிடிச்சுக்கிச்சு, அவ்வளவுதானே!

ராசாத்திக்கு அது அப்படிப் படல. அவ ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுல பொம்பளைங்களுக்குச் சாமி இறங்கி ஆம்பளைக் குரல்ல பேசுறதைப் பார்த்து வளர்ந்தவ. குளிச்சிட்டு வந்தவ காதுல மக வாயிலருந்து கட்டைக் குரல் விழுந்ததும் வெலவெலத்துப் போயிட்டா. பிள்ளை பேசலங்கிற கவலையில அவ ஏற்கெனவே சிமெண்ட் கடை மாடியில இருக்கிற ஜெபவீட்டுக்குப் போய்க்கினு இருந்தா. நேரா பாஸ்டர் திருமலைகிட்டப் போய்ச் சொல்லிட்டா.

பாஸ்டரைக் கெட்ட மனுஷன்னு சொல்ல முடியாது. நம்பித்தான் சொல்றாரு. அதுதான் எனக்கு இன்னும் குமட்டுது. அவ வீட்டுக்கு வந்தாரு, பொம்மையைப் பார்த்தாரு, மூஞ்சி செத்துப்போச்சு. "சிஸ்டர், இது வேதத்துல சொன்ன வலுசர்ப்பம். சாத்தானோட உருவம். பொம்மைக்கு உயிர் இல்லதான். ஆனா இல்லாததை இருக்குன்னு பிள்ளை நம்புதே, அந்த ஓட்டை வழியாத்தான் அவன் நுழையிறான். இன்னொருத்தன் குரல்ல பேசுறது கர்த்தருக்கு அருவருப்பு."

எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. "ஏங்க, கிறிஸ்மஸ் குடில்ல ஒட்டகம் வைக்கிறோமே, அது பொம்மை இல்லையா? எங்க ஊர் நாடகத்துல எந்தம்பி வருஷா வருஷம், குழந்தைங்களைக் கொல்லச் சொன்ன ஏரோது ராஜா வேஷம் கட்டுறான். பச்சப் பிள்ளைங்களை வெட்டிட்டா வந்தான்? நாடகம் முடிஞ்சதும் தாடியைக் கழட்டிட்டு டீ குடிக்கிறான்!"

"நீங்களும் சிலை கும்பிடுறவங்கதானே சிஸ்டர், உங்களுக்கு இது புரியாது"ன்னாரு சாந்தமா. அந்தச் சாந்தத்தைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு அருவருப்பு.

ராசாத்தி என் மூஞ்சியைப் பார்க்கல. அவளே பொம்மையைப் பிடுங்கி, மகளையும் இழுத்துக்கினு ஜெபவீட்டு வாசலுக்குப் போய் டின்னுல போட்டா, கொளுத்துனாங்க. ஹரிணி கத்துவான்னு நினைச்சேன். கத்தல. றெக்கை சுருண்டு கறுத்து ஒழுகுறதை வாயை இறுக்கி மூடிக்கினு பார்த்தா. அதுக்கப்புறம் எந்தக் குரலும் இல்ல. தட்டைக் காட்டுறதுகூட நின்னுபோச்சு, வெச்சா ரெண்டு வாய் தின்னுவா. கம்பெனியில ராசாத்தி தட்டு நிறைய அதே றெக்கைப் பாம்புங்க. "எக்கா, இதெல்லாம் என்னையவே பாக்கு"ன்னு பிளேடு தவறிக் கையைக் கிழிச்சிக்குவா. வாயில வந்ததை நானும் சொல்லாம விடல: "பிசாசை ஓட்டுனீங்களோ என்னவோ, பிள்ளையோட நாக்கைக் கொளுத்திட்டீங்க."

ஞாயித்துக்கிழமை ஜெபவீட்ல சாட்சி சொல்லணும்னு கூப்பிட்டாங்க. பிசாசு போயிருச்சு, பிள்ளை அமைதியாயிட்டான்னு! அமைதியாம், அடச்சீ! "எக்கா, நீயும் வா, எனக்கு என்னமோ பண்ணுது"ன்னு ராசாத்தி கையைப் பிடிச்சா. போனேன். டிரம்ஸு, கீபோர்டு, ஜனம் நெரியுது. பாஸ்டர் ஹரிணி வாய்கிட்ட மைக்கை நீட்டுனாரு. "சொல்லும்மா, அல்லேலூயா." பிள்ளை நிக்கிறா. "சொல்லும்மா." உதடு நடுங்குது, மூக்கு ஒழுகுது, ரெண்டு காலையும் ஒட்ட வெச்சுக்கினு நிக்கிறா. "இன்னும் ஒரு பிசாசுக் கட்டு இருக்கு, எல்லாரும் அவ மேல கையை நீட்டுங்க"ன்னாரு. அத்தனை கையும் அந்தத் துண்டுப் பிள்ளை மேல நீண்டுச்சு. கத்துறாங்க.

ராசாத்தி அப்ப மண்டி போட்டு மக முன்னால உக்காந்தா. கையைப் பாம்புத் தலை மாதிரி குவிச்சா. மைக்கு பக்கத்துலயே இருக்குது. தொண்டையைச் செருமி, கட்டைக் குரல்ல பேசுனா. விளையாடவே தெரியாதவ.

"எம்பேரு குண்டன். எனக்குப் பசிக்கி."

டிரம்ஸு நின்னுபோச்சு. "தாய்க்குள்ள இறங்கிருச்சு!"ன்னு ஒருத்தி அலறுனா. பாஸ்டர் ஓடி வந்து ராசாத்தி தலையை அமுக்கி, "வெளிய போ! வெளிய போ!"ன்னு கத்துறாரு. நான் அவர் கையைப் பிடிச்சு இழுக்குறேன். ராசாத்தி அசையல. கண்ணுல தண்ணி கொட்டுது, குவிச்ச கையை மட்டும் இறக்கல.

ஹரிணி அந்தக் கையைத் தொட்டா. விரலைத் தடவித் தடவிப் பார்த்தா. அப்புறம், அவளோட சொந்தக் குரல்ல, கீச்சுன்னு கேட்டா.

"குண்டா, ரொம்பச் சுட்டுச்சால?"

ராசாத்தி ஒரு விக்கலை முழுங்குனா. பாஸ்டர் கை இன்னும் அவ தலை மேலதான் இருந்துச்சு.

"நான் தீ கக்குறவம்லா," அதே கட்டைக் குரல்ல சொன்னா. "என்னை எப்படிட்டி சுடும்?"