முதுகு மாமன்

போன வாரம் சேலம் பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒருத்தன், கூலிங் கிளாஸ், காதில் இயர்பட்ஸ், கையில் டீ, முதுகில் குழந்தை. துணியில் தைத்து பக்கிள் வைத்த அந்தத் தூக்குப் பைக்குள் குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. டீயை உறிஞ்சக் குனிந்தபோது அவன் வலது தோள் பட்டை கொஞ்சம் நழுவியது. நழுவியது அவன் பட்டை, எக்கியது என் தோள். இல்லாத ஒரு பட்டையை மேலே ஏற்றிவிட்டு, இல்லாத ஒரு பிருஷ்டத்தை என் கை பின்னால் தாங்கிப் பிடித்தது. பக்கத்தில் நின்ற அக்கா ஒருத்தர் கேட்டார்: "சுளுக்குங்களா தம்பி?"

"ஆமாங், பழைய சுளுக்கு."

அவனைத் தாண்டி பஸ் ஏறும்போது அந்த வாசம் வந்தது. புளித்த பால், பவுடர், ஊறிய பிஸ்கட், கூடவே ஆண்பிள்ளை வியர்வை. எந்த சென்ட் கம்பெனிக்கும் பாட்டிலில் அடைக்கத் தைரியம் வராது. எட்டு மாதம் நான் அப்படித்தான் மணந்தேன் பாஸ்.

இன்ஜினியரிங் முடித்து, வேலையும் கிடைத்து, 'சேரும் தேதி பிறகு தெரிவிக்கப்படும்' என்று கம்பெனி மெயில் போட்டிருந்த நாட்கள் அவை. அந்தப் 'பிறகு' வளர்ந்துகொண்டே போனது. கேட்டவர்களிடமெல்லாம் "வேலை கெடச்சிருச்சுங்க" என்று சொல்லிக்கொண்டு, திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில், மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் அக்கா தன் பத்து மாதப் பெண் யாழினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். விடுப்பு முடிந்து, லேப்டாப்பில் வீட்டிலிருந்தே வேலை. மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் எங்கேயோ போர் போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் விடிந்தால் கோழிப்பண்ணை. வீட்டில் சும்மா இருந்த ஒரே பட்டதாரி நான்.

யாழினி லேசுப்பட்ட ஆள் இல்லை. தொட்டிலில் போட்டால் அலறுவாள், தரையில் விட்டால் லேப்டாப் ஒயரைக் கடிப்பாள். மீட்டிங்கில் அக்கா 'மியூட்' போட மறந்த ஒரு நாளில் மொத்த டீமும் யாழினியின் கருத்தைக் கேட்டது. மறுவாரமே மச்சான் ஆன்லைனில் ஆர்டர் போட்ட பை வந்து இறங்கியது.

பையா அது? அவ்வளவு பட்டை, அவ்வளவு பக்கிள். மச்சானின் ரிக் வண்டியில்கூட அத்தனை மாட்டல் இருக்காது. நாலு வருடம் மெக்கானிக்கல் படித்தவன், யூடியூப் பார்த்து ஒன்றரை மணி நேரத்தில் கண்டுபிடித்தேன். குழந்தையை வைத்துச் சோதனை செய்ய அக்கா ஒப்பவில்லை. அதனால் பத்து கிலோ கோழித் தீவனத்தை மூட்டை கட்டி முதுகில் மாட்டிக்கொண்டு கூடத்தில் இரண்டு ரவுண்டு வந்தேன். பண்ணையிலிருந்து வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சாமி, தீவனத்த எங்கடா தாலாட்டப் போற?"

மறுநாள் தீவனம் இறங்கி யாழினி ஏறினாள். ஏறிய ஐந்தாவது நிமிடம் தூங்கிப் போனாள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் வடிவமைத்த ஒரு சிஸ்டம் வேலை செய்தது.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? எங்கள் பக்கம் ஆம்பளை குழந்தையைத் தூக்கினால் இடுப்பில் தூக்க வேண்டும், அதுவும் அழ ஆரம்பித்ததும் பொம்பளைகளிடம் கொடுத்துவிட வேண்டும். பையில் போட்டுக்கொண்டு திரிபவனை யாரும் பார்த்ததில்லை. டீக்கடைக்காரர் தினமும் ஒரே கேள்வி கேட்பார்: "ஏனுங் மாப்ள, பார்சல் எந்த ஊருக்குங்?" அப்பா தன் பங்குக்கு, தீவன வண்டி டிரைவரிடம் என்னை அறிமுகப்படுத்தினார்: "என்ற பையன் இன்ஜினியருங்க. இப்பத்திக்குப் புள்ள தூக்கறான்."

நான் சளைக்கவில்லை. காலையில் குனிந்து உட்கார்ந்து, முதுகைக் காட்டி, "ஏறுங் அம்மிணி, வண்டி கெளம்புது" என்பேன். அக்கா ஏற்றிவிடுவாள். பிறகு பண்ணை, ஏரிக்கரை, மளிகைக் கடை, நூலகம் என்று ரூட். முன்பக்கமும் போட்டுக்கொள்ளலாம் என்று யூடியூப் சொன்னது. முன்பக்கம் போட்டால் நான் போன் நோண்ட முடியாது. அதனால் எட்டு மாதமும் முதுகுதான்.

இதில் ஒரு வசதிக் குறைவு உண்டு. சுமக்கிறவனுக்குச் சரக்கு தெரியாது. தூங்குகிறாளா, முழித்திருக்கிறாளா, மூக்கு ஒழுகுகிறதா, எதுவும் தெரியாது. தெருதான் எனக்குப் பின்பக்கக் கண்ணாடி. "தூங்கீருச்சுங் தம்பி." "சிரிக்குது பாரு, யாரப் பாத்துடி சிரிக்கற?" "செருப்பு ஒன்னு உழுந்துருச்சு சாமி, மளிகைக் கடைகிட்டக் கெடக்குது." போகிற வழியில் எனக்குத் தெரியாமல் அவளுக்குக் கப்பம் கட்டுவார்கள். அரை முறுக்கு, பன் துண்டு, ஒருமுறை கருவாடு. மிச்சமெல்லாம் என் சட்டைக் காலர் வழியாக உள்ளே இறங்கும். மேல் கடைவாய்ப்பல் வந்ததை எங்கள் வீட்டில் முதலில் அறிந்தது என் இடது தோள்பட்டை. அப்போது எனக்குக் கழுத்து வரை முடி. அதுதான் அவளுக்குக் கடிவாளம். கோழி தெரிந்தால் இடதுபக்கம் இழுப்பாள், ஆடு தெரிந்தால் வலதுபக்கம். தூக்கம் வந்தால் முடியை விட்டுவிட்டு என் காது மடலைப் பிடித்துக்கொள்வாள்.

அவளுக்கு ஒன்றரை வயது முடிகிற சமயம் காது குத்து வைத்தார்கள். மொட்டை முன்பே ஆகியிருந்தது, பாக்கி காதுதான். மச்சானின் குலதெய்வக் கோயில், மேச்சேரிக் கிடா இரண்டு, இருநூறு பேருக்குச் சாப்பாடு. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் குத்துவதுதான் முறை. அந்த மடிக்கு இரண்டு பேர் தகுதி. ஒன்று நான். இன்னொன்று பெரியப்பா மகன் செந்தில் அண்ணன், மூத்தவர், நாலு ரிக் வண்டிக்கு முதலாளி, மடியே அரை ஏக்கர் இருக்கும். மூத்தவர் இருக்கும்போது இளையவன் உட்காரலாமா என்று பேச்சு எழுந்தது. அக்கா ஒரே வார்த்தையில் முடித்தாள்: "தூக்குனவன் மடியிலதான் எம்புள்ள உக்காரும்."

கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடை, டிரைவர், தெரு, எல்லாருக்கும் அன்றைக்குப் பதில் சொல்லிவிடலாம். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் நான், என் மடியில் யாழினி. அதற்குத் தயாராக வேண்டாமா? முதல்நாள் திருச்செங்கோடு போனேன். சலூனில் உட்கார்ந்து, "சைடுல ஃபேடு, பின்னாடி ஒட்ட எடுத்துருங்க" என்றேன். அங்கே நடந்தது முடிவெட்டு என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் கோயிலில் பட்டுச் சட்டை, வேட்டி, மச்சானின் வெளிநாட்டு சென்ட் நாலு அடி. விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அக்கா யாழினியைக் கொண்டுவந்து என் மடியில், என் முகத்துக்கு நேராக வைத்தாள்.

யாழினி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். எட்டு மாதம் சேர்ந்து திரிந்தவர்கள் அவ்வளவு பக்கத்தில் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டது அன்றைக்குத்தானோ என்னவோ. இரண்டு வினாடி யோசித்துவிட்டு வீறிட்டாள். சாதாரண அழுகை இல்லை, பிள்ளை பிடிக்கிறவன் கையில் சிக்கியதைப் போல. என் நெஞ்சை உதைத்து, பின்னால் வளைந்து, அக்கா பக்கம் தாவினாள். திரும்ப வைத்தார்கள், திரும்பத் தாவினாள். அவளுக்குத் தெரிந்த மாமன் ஒரு முதுகு, ஒரு கொத்து முடி, ஒரு நாற்றம். முடியைக் காசு கொடுத்து ஒழித்து, நாற்றத்தை சென்ட்டால் மறைத்து, முதுகையும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"ஏனுங், மாமனையே தெரியலியாட்ட இருக்குது?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "பையில போட்டுத் தூக்குனா அப்படித்தான்" என்றது இன்னொன்று. பூசாரி நல்ல நேரம் முடியப் போகிறது என்றார். செந்தில் அண்ணன் என் பக்கத்தில் குனிந்தார். குத்திக் காட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "டேய் தம்பி, நா வேண்ணா உக்காரட்டுமாடா? புள்ள ஏங்கிப் போயிருமில்ல?"

நான் எழுந்து இடம் விட்டிருந்தால் முடிந்திருக்கும். கண்ணில் தண்ணி முட்டுகிறது, இருநூறு பேர் பார்க்கிறார்கள், வீடியோக்காரர் வேறு நெருங்கி வருகிறார். முகத்தை மறைக்கத்தான் பின்னால் திரும்பினேன், சத்தியமாக வேறு யோசனை இல்லை. திரும்பியதும் உடம்பு தானாகக் குத்தவைத்து உட்கார்ந்தது, வாய் தானாகச் சொன்னது: "ஏறுங் அம்மிணி, வண்டி கெளம்புது."

அழுகை நின்றது. விக்கல் மட்டும் கேட்டது. பிறகு ஒரு சின்னக் கை என் பிடரியைத் தடவியது. முடியைத் தேடியது. மேலே தேடியது, கீழே தேடியது. கிடைக்கவில்லை. கை மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்து, என் காது மடலைக் கண்டுபிடித்தது. அடுத்த நொடி பதினொரு கிலோ மொத்தமும் என் முதுகில் ஏறி, கன்னத்தைத் தோளில் வைத்தது.

"மடியிலதானுங்க வெச்சுக் குத்தோணும்?" என்று பெரியப்பா ஆரம்பித்தார்.

தங்கக் கம்பியோடு காத்திருந்த ஆசாரிக்குப் பொறுமை போயிருந்தது. "காது எங்கிருக்குதோ அங்கதானுங்க நாங் குத்தோணும். மடியிலயா காது இருக்குது?" என்று என் பின்னால் வந்து மண்டி போட்டார். அவள் பிடித்திருந்த என் காதைப் பார்த்து, "மாமனுக்கும் சேத்திக் குத்தீரட்டுங்களா?" என்றும் கேட்டார்.

முதல் காதுக்குப் பட்டுச் சட்டையோடு சேர்த்து என் தோளைக் கடித்தாள். ரத்தம் வந்தது எனக்கு. இரண்டாவது காதுக்கு அழவேயில்லை என்று அம்மா சொன்னார். எல்லாரும் பார்த்தார்கள், என்னைத் தவிர. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் நான் இருக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு, கழுதை மாதிரி. எனக்குப் பின்னாலிருந்து இரண்டு கண்கள் தெரிகின்றன.

அடுத்த மாதமே கம்பெனியின் 'பிறகு' வந்துவிட்டது. நான் பெங்களூர் போனேன், அக்கா மச்சானோடு ஹைதராபாத் போனாள். யாழினி இப்போது யூகேஜி. வீடியோ காலில் என் முகத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டு "மாமா, அந்த நாய்க்குட்டி எபெக்ட் போடுங்" என்கிறாள். முதுகில் தூக்கிப் போனது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டால், "நானென்ன பாப்பாவா?" என்கிறாள். எங்கள் தெருவில் நான் நடந்தால் இப்போது யாரும் என் முதுகைப் பார்த்து எதுவும் சொல்வதில்லை. சொல்ல அங்கே ஒன்றுமில்லை.

இந்த லீவுக்கு வந்திருந்தாள். பண்ணையில் கோழிக்குஞ்சு பார்க்கத் தண்ணீர்த் தொட்டிச் சுவரின் மேல் ஏற வேண்டும் என்றாள். குனிந்து தூக்கினேன். என் கை பழைய பதினொரு கிலோவுக்கு எக்கியது. அவள் என் முழங்கால் உயரத்திலேயே நின்றுவிட்டாள், மேலும் போகவில்லை, கீழும் வரவில்லை. தொங்கிக்கொண்டே என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"உடுங் மாமா, நானே ஏறிக்கறேன்."

விட்டேன். இரண்டே எட்டில் ஏறிவிட்டாள்.