கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் ஓடிபிக்காக

அன்று காலை ஐந்து மணி முப்பது நிமிடத்துக்கு எங்கள் தோட்டத்தின் பெயர் இணையத்திலிருந்து போய்விட்டது. அந்த நேரத்தில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்தது ஒன்பதே காலுக்கு, கோயம்புத்தூரிலிருந்து மகள் அழைத்தபோதுதான்.

"அம்மா, விடிஞ்சதிலருந்து ஒரு மெயிலும் வரல. நம்ம வெப்சைட்டத் தெறந்து பாருங்க."

திறந்தேன். ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சைப் பந்தலின் படம் வர வேண்டிய இடத்தில், இந்தப் பெயர் காலாவதியாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கீழே யாரோ கொடுத்திருந்த கடன் விளம்பரம்.

"போன மாசந்தானே ஆத்தா புதுப்பிச்சேன்?"

"அது ஹோஸ்டிங்மா. வெப்சைட்டு இருக்கிற எடத்துக்குக் குடுக்கிற வாடகை. பேருக்குத் தனியாக் கட்டணும். அது வேற கம்பெனி." அதே மூச்சில் சொன்னாள். "நாளைக்குப் பதினோரு மணிக்கு எனக்கு இன்டர்வியூம்மா."

அவளுடைய மெயில் முகவரி தோட்டத்தின் பெயரில்தான் முடியும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்ததும் அந்த முகவரியில்தான். நேர்காணலுக்கான இணைப்பு அன்றைக்குள் அதற்கு வர வேண்டும். வேறு முகவரியிலிருந்து எழுதிக் கேட்டிருந்தாள். விண்ணப்பத்தில் உள்ள முகவரிக்கு மட்டுமே தகவல் அனுப்பப்படும் என்று இயந்திரம் பதில் போட்டிருந்தது.

பெயரைப் பதிவு செய்த கம்பெனியின் உதவிப் பக்கத்தில் என் கேள்வியைத் தட்டினேன். 'உங்கள் கேள்வி எங்களுக்கு முக்கியமானது' என்று வந்தது. மறுபடி தட்டினேன். அதே வரி. நாற்பது நிமிடம் கழித்து ஒருவர் போனில் கிடைத்தார். பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னால் கணக்குத் திறக்கும், பணம் கட்டலாம் என்றார். எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைச் சொன்னார். அது என் எண் அல்ல.

"கணக்கும் உங்க பேர்ல இல்லையே மேடம்" என்றார்.

அந்த எண் யாருடையது என்று தெரியும். உத்தமபாளையத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பெண்ணுடையது. எங்கள் பக்கத்தில் பட்டா, ரேஷன் கார்டு, உதவித்தொகை என்று எதற்கு விண்ணப்பித்தாலும் அவள் எண்ணைத்தான் கொடுப்பார்கள். தோட்டத்தில் சிக்னல் இருக்காது, ஓடிபி வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும். அவள் எண் என்றால் கடையிலேயே வேலை முடியும். எம்.ஏ. படித்த நானும் அதையேதான் செய்தேன்; தோட்டத்தின் பெயரைப் பதியும்போது அவள் பெயர், மெயில், எண் எல்லாவற்றையும் கொடுத்தேன். கடையை மூடும்போது, எல்லாரும் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்லிவிட்டாள். மகளும் இரண்டு முறை சொன்னாள். திராட்சை வெட்டு முடியட்டும் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு வெட்டு முடிந்துவிட்டது.

இப்போது அந்தக் கடைக்காரப் பெண் தினமும் கூடலூரிலிருந்து ஜீப்பில் போய், குமுளிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடையைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை பார்க்கிறாள். அவள் எண்ணை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. பத்து முறை அழைத்தும் அதே குரல்.

சின்னமனூரில் பஸ் மாறி, கம்பம் தாண்டி, கூடலூரில் இறங்கியபோது மூன்று மணி. தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கும் ஜீப்புகள் நிற்கும் இடம் வெறிச்சோடிக் கிடந்தது. ஒரே ஒரு டிரைவர் மட்டும் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"கம்ப்யூட்டர்ல எட போடுற அம்மாவா? அவுக கடைசி ஜீப்புல வருவாக. அஞ்சு, அஞ்சரை ஆகும்."

"அவுகளுக்கு வேற நம்பர் இருக்காண்ணே?"

"இருக்கும். எனக்கெதுக்குத் தாயி அது? ஆமா, அப்படி என்ன அவசரம்?"

"ஒரு ஓடிபி வேணும்."

எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இங்கன புருசனுக்குக் காத்துக் கெடந்தவுகளப் பாத்திருக்கேன், சம்பளத்துக்குக் காத்துக் கெடந்தவுகளப் பாத்திருக்கேன். ஓடிபிக்கு நிக்கிறவுக நீங்கதான்."

சிரிக்க முயன்றேன். முடியவில்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மகள் அழைத்தாள். கடைசி இரண்டு அழைப்புகளில், "வந்துட்டாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாள். என்னை ஒரு சொல் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்தப் படிப்புக்காக இரண்டு வருடம் உழைத்தவள். அது கைநழுவிப் போனால், திராட்சை வெட்டைக் காரணம் சொல்லிக்கொண்டு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

நின்ற இடத்தில் பழைய செய்திகளைத் துழாவினேன். கம்பெனியின் நினைவூட்டல் ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும், எல்லாம் அந்தக் கடைக்காரப் பெண்ணின் மெயிலுக்கல்லவா போயிருக்கும். எனக்கு வருபவை மோசடிச் செய்திகள்தான். உங்கள் கணக்கு முடக்கப்படும், உடனே அழைக்கவும் என்று நாளுக்கு நாலு வரும். தெரியாத எண் என்றால் முழுதும் படிக்காமலே அழித்து, பிளாக் செய்துவிடுவேன். அதில் கெட்டிக்காரி என்று வீட்டில் எனக்குப் பெயர்.

ஐந்து நாற்பதுக்குக் கடைசி ஜீப் வந்தது. பெண்கள் தூக்குவாளிகளோடு குதித்து இறங்கினார்கள். முன்சீட்டிலிருந்து அவள் இறங்கினாள். ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை. நான் விஷயத்தை முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். அவள் போனை எடுத்து உயர்த்திப் பிடித்தாள். கணக்குக்குள் நுழையும் பக்கத்தில் என் விரல் இரண்டு முறை தவறிப் பட்டது. மூன்றாம் முறை அவள் போன் ஒலித்தது. அவள் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"மேல தமிழ்நாட்டு சிம்மு எடுக்காதுக்கா. அதான் என் கேரளா நம்பர்ல இருந்து, 'அக்கா, வெப்சைட்டுப் பேரு முடியப்போகுது, ஒடனே கூப்புடுங்க'ன்னு மூணு வாட்டி அனுப்பிச்சேன், கூப்புட்டும் பாத்தேன், போகல. பிளாக் பண்ணிப்புட்டீகளே. சரி, அழுகாதீக. நம்பரச் சொல்றேன், அடிங்க. மொதல்ல பணத்தக் கட்டிட்டுப் புள்ளைக்குப் போன் போடுங்க. பெறகு இங்கன உக்காந்து இந்த நம்பர மாத்திட்டுத்தான் ஒங்கள பஸ் ஏத்துவேன்."